பதக்கம் பறிபோன பிறகு



திருவண்ணாமலையில் உடற்கல்வி படித்து இன்று பட்டம் வாங்குகிறீர்கள். இந்தப் படிப்பை நம் நாட்டில் ஊன்றியவர்களில் முதன்மையானவர் ஹாரி குரோ பக். அமெரிக்காவிலிருந்து வந்து, 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போன இந்திய அணிக்கு மேலாளரும் அவர்தான். மைதானத்தையே தன் ஊழியமாக்கிக்கொண்டு, 1943-இல் சென்னையிலேயே கண்மூடினார்.

நாளைக்கு உங்களில் சிலர் செங்கத்திலோ போளூரிலோ ஜமுனாமரத்தூரிலோ பி.டி. மாஸ்டராக நிற்பீர்கள். நன்றாக ஓடுகிற ஒரு பெண்பிள்ளை கண்ணில் படுவாள். உடனே மனசு கணக்குப் போடும்: மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, ஸ்போர்ட்ஸ் கோட்டா, பள்ளிக்கு ஒரு ஷீல்டு, பேப்பரில் உங்கள் படம். போடட்டும். சம்பளமும் பேரும் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் முழங்கால் தசைநார் கிழிந்து, இனி அவளால் ஓட முடியாது என்று ஆன பிறகு அவள் வீட்டுக்கு உங்கள் போன் போகுமா? எனக்கு அதுதான் முக்கியம்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அதைப் பறித்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை எந்த மைதானமும் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவரோ, தமிழக அரசு கொடுத்த பரிசுப் பணத்தைப் போட்டுத் தன் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். பணம் தீர்ந்தது. 2012-இல் சூளையில் கூலி வேலை செய்தார். பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்து அரசுப் பயிற்சியாளரானார். தன்னைக் கைவிட்ட விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுத்தார்.

நான் கிறிஸ்தவன். அவரை நினைக்கும்போது யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் மனசில் வரும். தன் குரு இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடர் பேதுரு, மறுபடியும் மீன்பிடிக்கப் போய்விட்டார். இராமுழுக்க வலையில் ஒன்றும் சிக்கவில்லை. விடிகிற நேரத்தில் கரையில் இயேசு கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஏன் அப்படிச் செய்தாய் என்ற விசாரணை இல்லை. சாப்பிட்டு முடிந்ததும், தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று தரம் கேட்கிறார். ஒவ்வொரு தரமும் பேதுருவின் கையில் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒப்படைக்கிறார். அந்த அன்பு வெறும் கொடுக்கல் வாங்கலாக இருந்திருந்தால் பேதுருவின் பெயரை அன்றைக்கே அடித்திருப்பார்கள்.

அன்பு கொடுக்கல் வாங்கல் அல்ல என்பதை எங்கள் சபைகளில் நாங்களே மறந்துவிடுகிறோம். பிள்ளை பாஸானால் இவ்வளவு காணிக்கை என்று பொருத்தனை பண்ணுகிறோம். கேட்டது கிடைக்காத வருஷம் ஜெபமும் நின்றுபோகிறது. கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தவரிடம் இப்படிப் பேரம் பேசலாமா?

போட்டியில் தோற்ற பிள்ளைக்கு, திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நீங்கள் உட்காருங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ஓட்டத்தைப் பற்றி மறுநாள் பேசலாம். ஓட முடியாமல் போனவளையும் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். ஸ்டாப்வாட்சை அவள் கையில் கொடுத்து, மற்றவர்களுக்கு நேரம் எடுக்கச் சொல்லுங்கள். பேதுருவுக்குக் கிடைத்ததும் அப்படியொரு வேலைதான்.