பங்கு வாங்கிய ரசிகர்



அஸருக்குப் பிறகு பாலமுனை மைதானப் பக்கம் போனால், மான்செஸ்டர் யுனைடெட் ஜேர்சி போட்ட பிள்ளைகளைக் காணலாம். அந்தக் கழகத்தின் பங்கு நியூயோர்க் சந்தையில் விலைக்கு இருக்கிறது. வாங்கி வைத்தால் நீண்டகாலத்தில் பலன் தருமா?

2012இல் ஒரு பங்கு 14 டொலருக்கு வெளியானது. பின்னாளில் பிரித்தானியப் பணக்காரர் ஜிம் ரெட்கிளிஃப் பங்கொன்றுக்கு 33 டொலர் கொடுத்தது உண்மைதான். ஆனால் அவர் வாங்கியது ஏறக்குறைய கால்வாசியை மட்டும். பிறகு சந்தை விலை இருபதுக்கும் கீழே இறங்கியது. கழகத்தின் பெரும்பான்மை உரிமையாளரான கிளேசர் குடும்பத்தின் பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு, நமக்கு ஒன்று. 2005இல் பெரும்பாலும் கடன் பட்டே கழகத்தை வாங்கி, அந்தக் கடனையும் வட்டியையும் கழகத்தின் தலையிலேயே கட்டினார்கள். வட்டிக்குப் பயந்தவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கழகம் 2000இல் 11 யூரோவுக்குப் பங்கு விற்றது. அதன்பின் மூன்று முறை நாட்டுச் சம்பியன். பங்கு மட்டும் அந்த விலைக்குத் திரும்பவே இல்லை.

தொலைக்காட்சிப் பணம் இவ்வளவு வந்தும் லாபம் எங்கே? பெரும்பகுதி வீரர்களின் சம்பளத்துக்கு. ஒரு கழகம் சம்பளத்தைக் கூட்டினால் மற்றதும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் பயம். பூனேயின் கோழி வியாபாரிகளான வெங்கீஸ் 2010இல் பிளக்பேர்ன் ரோவர்ஸை 23 மில்லியன் பவுணுக்கு வாங்கினார்கள். 2012இல் அது பிரிமியர் லீக்கை இழந்தது; 2017இல் மூன்றாம் பிரிவுக்கே போனது.

நம் வேளாண்மைக் காணி, விலை ஏறாவிட்டாலும் போகத்துக்குப் போகம் நெல் தரும். கழகப் பங்கில் லாபம் காண, அதை வாங்க நம்மைவிடப் பணக்காரர் ஒருவர் வர வேண்டும். வந்தாலும் நிச்சயமில்லை: செல்சியை 2003இல் சுமார் 140 மில்லியன் பவுணுக்கு வாங்கிய ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச், 2022இல் இரண்டரை பில்லியனுக்கு விற்றார். இடையில் கொடுத்த ஒன்றரை பில்லியன் கடனைக் கைவிட்டார்; விற்ற பணமும் வங்கியில் முடங்கியது.

பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கிய காசை இதில் போடாதீர்கள். ஆசைக்கு ஒன்றிரண்டு வாங்குகிறவரை நான் மறிக்கமாட்டேன்.

கொழும்புச் சந்தையில் உதைபந்தாட்டக் கழகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் 2023ஐ நினைத்துப் பாருங்கள்: ஜனவரியில் ஃபீஃபா நம் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட்டில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் அப்படியொரு பங்கை யார் வாங்கியிருப்பார்?