உயரமும் உறுதியும்



அமெரிக்காவில் 'பிக்கப்' என்னும் சரக்கு வண்டியை உயர்த்த விரும்புவோர், முன்சக்கரத்தின் சுருள்வில் தாங்கிக்கும் வண்டிச் சட்டகத்திற்கும் இடையே உலோக வட்டொன்றைச் செருகுவதுண்டு. தாங்கியின் அடி, சக்கரத்தை ஏந்தும் கையின் நடுவே பொருந்தியிருப்பின், நெம்புகோல் விதிப்படி 1 அங்குல வட்டு வண்டியை ஏறத்தாழ 2 அங்குலம் உயர்த்தும். மேடுபள்ளங்களில் அடிப்பகுதி தட்டாது.

ஆயின் புவியீர்ப்பு மையமும் உடன் உயர்கின்றது. சக்கரங்களின் இடையகலமோ பெரிதும் மாறுவதில்லை. அவ்வகலத்தின் பாதியை மைய உயரத்தால் வகுத்துவரும் எண் குறையக் குறைய, வளைவில் வண்டி எளிதிற் கவிழும்.

ஆகவே, வட்டின்மேல் வட்டு அடுக்கலாகாது. அமுக்குண்ட வில்லை அடக்கிநிற்கும் நடுத்தண்டின் நட்டைக் கழற்றலாகாது. பாய்ந்தெழும் வில் உயிரையும் பறிக்கும். உயர்த்தியபின் பிரேக் குழாய் இழுபடுகின்றதா, சக்கரக் கோணம் பிறழ்ந்ததா, முகவிளக்கு எதிர்வருவோர் கண்ணைக் கூசச் செய்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். வளைவுகளில் முன்னினும் மெதுவாகச் செல்லுதலே அவ்வுயரத்திற்குத் தரும் விலை.