பழைய டிராக்டரும் புதிய உழவரும்

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் நின்றுகொண்டு உழவைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். தேக்காவில் இறங்கிச் சாலைப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு. மலாய் மொழியில் கெர்பாவ் என்றால் எருமை, லெம்பு என்றால் மாடு. பிலிலியோஸ் ரோடு ஒரு மாட்டு வியாபாரியின் பெயர். நம்மில் பாதிப் பேர் பிறந்த கேகே மருத்துவமனை இருக்கிறதே, அந்தக் 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். ஆக, மாடு நமக்குத் தெரியும். கலப்பைதான் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இப்போது வந்திருக்கிறது. பணி ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய், அப்பா விட்டுச்சென்ற நிலத்தில் பயிர் செய்யலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளிநாட்டுக் குடிமக்களான நாம் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்படி நிலம் வரும்போது, கொட்டகையில் தூசி படிந்த ஒரு பழைய டிராக்டரும் சேர்ந்து வருவதுண்டு. பேட்டரி மாற்றினால் ஓடும் என்பார் மெக்கானிக். ஓடவும் செய்யும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வண்டி பெரும்பாலும் மாஸி ஃபெர்குசனாக இருக்கும். சென்னையில் 1960ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தமிழ்நாட்டில் பரப்பிய வண்டி அது. பெயரில் உள்ள ஃபெர்குசன் யார் என்பதைச் சொல்லாமல் கலப்பையை விளக்க முடியாது. ஹாரி ஃபெர்குசன் அயர்லாந்துக்காரர். அவர் காலத்து டிராக்டர்கள் கலப்பையைக் கொக்கி போட்டு இழுத்துச் சென்றன. கொழு ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டினால் கலப்பை நகராது. பின்சக்கரமோ விடாமல் முறுக்கும். முன்பக்கம் எழும்பி, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும். ஃபோர்ட்சன் டிராக்டர்கள் இப்படிப் பல உயிர்களைக் குடித்தன.

ஃபெர்குசன் கலப்பையை டிராக்டரின் உடம்போடு மூன்று இடத்தில் பிணைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. 1926ல் காப்புரிமை பெற்றார். மண் கலப்பையைப் பின்னுக்குத் தள்ளும்போது மேல்கை டிராக்டரை முன்னோக்கி அழுத்துகிறது. முன்சக்கரம் தரையை விடுவதில்லை. இழுவை அதிகமானால் ஹைட்ராலிக் தானே கலப்பையைச் சற்றுத் தூக்குகிறது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை அவருடைய சிறிய சாம்பல் நிற டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. 1958ல் எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்துக்குப் போனது ஃபெர்குசன் டிராக்டரில்தான். உழவு வண்டிக்கு அப்படியும் ஒரு வாழ்வு!

இனி உங்கள் கலப்பைக்கு வருவோம். ஒன்பது கொத்துக் கலப்பை மண்ணைக் கிளறும், புரட்டாது. சட்டிக் கலப்பை கடினமான நிலத்துக்கும் வேர் நிறைந்த நிலத்துக்கும் ஏற்றது. மண்ணை ஒழுங்காகப் புரட்டிப் போடுவது இறக்கைக் கலப்பை. 35 குதிரைத்திறன் வண்டிக்கு இரண்டு கொழு போதும், மூன்றுக்கு ஆசைப்படாதீர்கள்.

மாட்டும்போது முதலில் இடதுகை, பிறகு வலதுகை, கடைசியில் மேல்கை. வலதுகையை ஏற்றி இறக்கத் திருகு இருப்பதால் இந்த வரிசை. கழற்றும்போது தலைகீழாக. உழும்போது பக்கச் சங்கிலி சற்றுத் தளர்ந்திருக்கட்டும். கலப்பை தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

புதியவர்கள் திணறுவது மட்டம் பார்ப்பதில். முதல் சால் ஓட்டியபின் வலப்பக்கச் சக்கரங்கள் அந்தச் சாலுக்குள் ஓட வேண்டும். வண்டி வலப்புறம் சாயும், கலப்பை சாயக்கூடாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. களத்துமேட்டிலேயே இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் 6 அங்குலக் கட்டை மேல் ஏற்றி நிறுத்துங்கள். நீங்கள் உழப்போகும் ஆழம் அது. கலப்பையைத் தரையில் இறக்கி, வலதுகைத் திருகைத் திருப்பி மட்டம் செய்யுங்கள். மேல்கையைக் குறுக்கினால் கொழு முனை தாழ்ந்து மண்ணில் இறங்கும், நீட்டினால் நிமிரும். அரைத் திருப்பு, ஒரு திருப்பு, அவ்வளவுதான். சற்று தூரம் உழுதுவிட்டு இறங்கி வந்து பாருங்கள். இரண்டு புரட்டும் ஒரே உயரத்தில் கிடந்தால் சரி.

வரப்போரம் திரும்புமுன் கலப்பையைத் தூக்குங்கள். மண்ணுக்குள் கொழு இருக்கும்போது வளைக்கவும் கூடாது, பின்னுக்கு எடுக்கவும் கூடாது.

ஃபெர்குசன் நம்மைக் காப்பாற்றுவது கலப்பை முறையாக மாட்டியிருக்கும்வரைதான். எதையாவது இழுக்க வேண்டி அச்சிலோ மேல்கை மாட்டும் இடத்திலோ சங்கிலியைக் கட்டினால் அந்தப் பழைய ஆபத்து அப்படியே திரும்பி வரும். கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். சேற்றில் சக்கரம் புதைந்தால், சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னுக்கு ஓட்டும் வழக்கம் உண்டு. வேண்டவே வேண்டாம். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் வண்டியின் உடம்பு சுற்றும், கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. பின்னுக்கு எடுங்கள், இல்லையேல் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டமும் இல்லை. பேரப்பிள்ளையை மட்கார்டில் உட்காரவைத்துப் படம் எடுக்கும் ஆசை யாருக்கும் வரும்; எஞ்சின் நின்றபிறகு எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கிய கலப்பைக்கு அடியில் கையை விடாதீர்கள், பழைய ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று அதற்கே தெரியாது.

எப்போது உழுவது? உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் வண்டியை எடுக்கலாம். உருண்டையாகவே கிடந்தால் காத்திருங்கள். ஈரக் களிமண்ணைப் புரட்டினால் வெயிலில் செங்கல்லாகிவிடும். உழுத மண் காயும் அருமையை வள்ளுவரே உழவு அதிகாரத்தில் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய்ந்தால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

பழகுவதற்கு ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறு மாலை சிராங்கூன் ரோட்டில் கூடும் நம் ஊழியத் தம்பிகளில் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. ஊரில் டிராக்டர் ஓட்டியவர்கள் அவர்களில் உண்டு. ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, "தம்பி, மேல்கையை எப்படி வைப்பே?" என்று கேட்டுப் பாருங்கள். மேசையில் விரலால் வரைந்து காட்டுவார்கள்.