வளரி திரும்பி வராது

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் பயிற்சிக்கு வந்த சார் ஒரு வார்த்தை சொன்னார். "குழுவில் கொடுக்கிற கடன் பூமராங் மாதிரி. வீசின கைக்கே திரும்பி வந்துடும்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் என் காதுகிட்ட வந்து, "பூமராங்னா என்னாடி?" என்று கேட்டார். "வளைஞ்ச கட்டைக்கா, வீசினா சுத்திக்கிட்டு திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் அரிசி களையும்போதுதான் யோசனை வந்தது. அந்தச் சாமானை நான் சின்ன வயசில் கையிலேயே தூக்கியிருக்கிறேனே! ஆனால் எங்க வீட்டில் இருந்தது திரும்பி வராது.

நான் பிறந்தது சிவகங்கைச் சீமை. ஒரகடம் பக்கம் வாக்கப்பட்டு வந்து 25 வருஷம் ஆகிறது. எங்க பாட்டி வீட்டுச் சாமி அறையில், பழைய வாளுக்குப் பக்கத்தில், பிறை நிலா மாதிரி வளைந்த ஒரு கட்டை இருக்கும். அதுக்குப் பேர் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி அங்கேயே வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் தொட்டால் பாட்டி திட்டுவார். ஒரு தடவை தொட்டேன். ஒரு முனை கனமாகவும் ஒரு முனை லேசாகவும் இருந்தது.

லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே நாலு சுற்றுச் சுற்றி, குறி பார்த்து விட வேண்டும். கட்டை சுழன்றுகொண்டே போய் முயல், காட்டுக்கோழியை அடித்துச் சாய்க்கும். மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் உண்டு. தஞ்சாவூர் ஆயுதச்சாலையிலிருந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்ததில் யானைத் தந்தத்தில் செய்த வளரியும் இருக்கிறது. அது ராஜா வீட்டு வளரி, நமக்கெதுக்கு. எங்க பக்கம் சில குடும்பங்களில் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளைதடி மாற்றிக்கொள்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. வளைதடி போனால்தான் பெண் வரும். (இந்தக் காலத்தில் யாரும் ஆசைப்பட்டு முயலுக்கு வீசிவிடாதீர்கள். 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் கேஸ் ஆகும்.)

சரி, வீசினால் திரும்பி வரும் என்கிறார்களே, அது பொய்யா? பொய் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்களிடம் இரண்டு வகை இருந்தது. திரும்பி வருவது லேசான கட்டை. அதன் இரண்டு கையும் ஃபேன் இறக்கை மாதிரி செதுக்கியிருக்கும். செங்குத்தாகப் பிடித்துச் சுழற்றி வீசினால், மேலே இருக்கிற கை காற்றை வேகமாக வெட்டும், கீழே இருக்கிற கை மெதுவாக வெட்டும். அந்த வித்தியாசம்தான் அதை வட்டம் போட வைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறது. அதை விளையாட்டுக்கு வீசுவார்கள். பறவைக் கூட்டத்தை மிரட்டி வலைக்குள் இறக்கவும் வீசுவார்கள். ஆனால் கங்காருவை அடிக்கிற கட்டை வேறு. அது கனமானது, நேராகப் போகும், திரும்பி வராது. போலந்து நாட்டில் ஒரு குகையில் மாமூத் என்கிற பழங்கால யானையின் தந்தத்தில் செய்த பூமராங் கிடைத்தது. அதற்கு வயசு 40,000 வருஷம் இருக்கும் என்று 2025-ல் கணக்கிட்டார்கள். அதுவும் திரும்பி வராத வகைதான்.

யோசித்துப் பாருங்கள். குறியில் பட்ட கட்டை எப்படித் திரும்பி வரும்? பட்ட இடத்தில் விழும். வேட்டைக்காரன் முள்ளுக்குள் நடந்து போய் எடுத்து வர வேண்டும்.

வேட்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். இன்றைக்கு கார் கம்பெனிகளும் ஷிப்ட் பஸ்ஸும் ஓடுகிற இதே மண்ணில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. பல்லாவரத்தில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற வெள்ளைக்காரர் கல் கோடரியைக் கண்டெடுத்தார். மரக்கட்டை மண்ணில் மக்கிப்போகும், கல்தான் நிற்கும். அவர்களும் கட்டை வீசியிருந்தால், வீசின பிறகு நடந்துதான் போயிருப்பார்கள்.

வீசினது திரும்பி வந்த கதை ஒன்று எங்க ஊரில் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். 1780-ல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டபோது கூட நின்றவர்கள் மருது சகோதரர்கள். அதில் சின்ன மருது வளரி வீசுவதில் பெரிய கை. 1795 வாக்கில் ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற இளம் ஆங்கிலேய அதிகாரி அவரிடம் பழகினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே சின்ன மருதுதான். தெரிந்தவர் கையில் அது 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார். 1801-ல் போர் வந்தபோது அதே வெல்ஷ் எதிர்ப் படையில் நின்றார். தொடை எலும்பு முறிந்து கைதியாகக் கிடந்த சின்ன மருதுவைப் பார்த்து வருத்தப்பட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். பிறகு ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பினி உத்தரவு போட்டது. வளரி சாமி அறைக்குள் போனது அப்படித்தான்.

இப்போது எங்க குழு விஷயத்துக்கு வருகிறேன். தலைவி அவர்கள் என்னைப் பேசச் சொன்னதே இதுக்காகத்தான்.

எங்க குழுவில் ஓர் அக்கா. பேர் வேண்டாம். 20,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அந்த வட்டி வெளியே போகாது, நம்ம பெட்டிக்கே வரும். அதுவரைக்கும் சார் சொன்னது சரி. நாலு மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு மகனுக்கு கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஒரு மாதம் தவறினார். அடுத்த மாதம் வெறுங்கையோடு கூட்டத்துக்கு வந்தவரை நான்தான் கேட்டேன்: "கடன் வாங்கறப்ப மட்டும் முதல் ஆளா ஓடி வரத் தெரியுதா?" 15 பேர் நடுவில் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் அவரை நீக்கலாம் என்று தீர்மான நோட்டில் எழுதப் பார்த்தார்கள். பேனா என் கையில்தான் இருந்தது. எழுத மனசு வரவில்லை. "போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுவோம்" என்றேன். எங்க குழுவிலிருந்து அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. இரண்டு தெரு நடக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது!

போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டோம். ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகிறார், மதியம் போனால் ராத்திரி பத்துக்குத்தான் வருவார் என்றார்கள். நம்ம கூட்டம் மூன்று மணிக்கு. வர மனசிருந்தாலும் எப்படி வருவார்? மறுநாள் காலையில் போனோம். என்னைப் பார்த்ததும் உள்ளே போய், அரிசிப் பானையிலிருந்து 700 ரூபாய் எடுத்து வந்து நீட்டினார். "முழுசா சேரட்டும்னு இருந்தேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பேசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றார். ஆனால் டீ போடுகிறேன் என்று சொல்லவில்லை.

தவணையை மாதம் 500 ஆகக் குறைத்துத் தீர்மானம் போட்டோம். கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றினோம். இரண்டு மாதம் கட்டினார். இந்த மாதம் மறுபடி வரவில்லை. குழுவில் நாலு பேர், "அப்பவே நீக்கியிருக்கணும்" என்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அது அவர்கள் சேமிப்பும்தானே. இன்னொரு அக்கா வளைகாப்புச் செலவுக்கு 10,000 கேட்டு வரிசையில் நிற்கிறார்.

நாளைக்குக் காலையில் ஏழு மணிக்கு, முதல் ஷிப்ட் பஸ் போன பிறகு, நாங்கள் மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போகிறோம். நீக்க வேண்டும் என்று சொன்ன நாலு பேரில் ஒருவராவது கூட வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வருகிறவர்கள் தண்ணீர்த் தொட்டிகிட்ட நில்லுங்கள்.