மீன் தொட்டியிற் பாசி

கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு சென்று, இருபது நாள் கழித்து மும்பைக்குத் திரும்பினோம். பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் முதலிற் கண்ணிற் பட்டது சன்னலோரத்து மீன் தொட்டி. தொட்டி இருந்தது, மீன்களைக் காணோம். புல்லை அரைத்துக் கரைத்தாற்போல் நீர் முழுவதும் பச்சையாகிவிட்டிருந்தது. விளக்கைப் போட்டுக் கண்ணாடியருகே முகத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் தங்கமீன் ஒன்றின் வால் மங்கலாகத் தெரிந்தது.

காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. சாவியை அடுத்த வீட்டு மராத்திய அம்மையாரிடம் கொடுத்துச் சென்றிருந்தோம். அவர் நல்லவர்; இரக்க குணம் உடையவர். நாளுக்கு இருமுறை வந்து, 'பாவம், பசித்திருக்குமே' என்று ஒவ்வொரு முறையும் ஒரு பிடி உணவு போட்டிருக்கிறார். மீன்கள் தின்றது போக எஞ்சியது அடியிற் கிடந்து அழுகியது. சன்னல் வழியே மே மாத வெயில் நேரே தொட்டியில் விழுந்தது. பாசிக்கு வேறென்ன வேண்டும்?

அதன்பின் நாங்கள் செய்த வைத்தியந்தான் வருந்தத்தக்கது. கடைக்காரர் ஒருவர் மயில்துத்தக் கரைசல் கொடுத்தார். தில்லியிலுள்ள எங்கள் உறவினர் அதனாற் குணம் கண்டதாக முன்பே சொல்லியிருந்தார். அவர் சொன்ன அளவே ஊற்றினோம். முதலில் நத்தைகள் இறந்தன. விடிவதற்குள் ஐந்து மீன்களில் மூன்று மிதந்தன.

அவர் வீட்டில் பிழைத்த மீன் எங்கள் வீட்டில் ஏன் இறந்தது? அவர் பயன்படுத்தியது ஆழ்குழாய்க் கிணற்று நீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். அத்தகைய நீரிலே செம்பின் நஞ்சு பெரிதும் அடங்கிவிடுகிறது. மும்பைக் குழாயில் வருவதோ, மலைச்சாரலின் மழையைத் தேக்கிவைத்த தான்சா, வைதரணா முதலிய ஏரிகளின் நீர், மென்மையானது. மென்னீரிலே அதே அளவு துத்தம் கொல்லும் நஞ்சாகிறது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், நீரும் ஊருக்கு ஊர் மாறுவதைச் சமையலில் அறிந்திருக்கிறோம். பருப்பு வேகும் நேரமே அதைச் சொல்லிவிடும். மீன் தொட்டியில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

அத்தோடும் நில்லாமல், தொட்டி முழுவதையும் கவிழ்த்து, கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பினோம். பார்வைக்குப் பளிங்குபோல் இருந்தது. நான்காம் நாள் எஞ்சிய இரண்டு மீன்களும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றுதான் தப்பியது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தை நாங்கள் கழுவிக் கொட்டிவிட்டோம் என்பது பிற்பாடு விளங்கிற்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது கடும் நஞ்சு. கற்களின்மேலும் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு தீங்கு செய்யாது. ஆனால் பாசிக்கு அது எரு. ஆகவே பாசியை ஒழிக்க எண்ணி இந்தப் பாக்டீரியாக்களை ஒழித்தால் மீனைத்தான் இழப்போம். ஒழிக்க வேண்டியது பாசியின் உணவை. குறைக்க வேண்டியது ஒளியை.

தொட்டியை நேர்வெயில் படாத சுவரோரம் நகர்த்தினோம். விளக்கை நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் எரியவிடுவதில்லை. இரண்டு நிமிடத்துக்குள் தின்று தீர்க்கும் அளவே உணவு; வாரத்தில் ஒரு நாள் உபவாசம். வீட்டிலுள்ள பிள்ளைகள் இதற்கு உடன்படுவது அரிது. உணவுப் புட்டியைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பதே வழி. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, வாளியில் ஒரு நாள் திறந்துவைத்துக் குளோரின் போக்கிய நீரை ஊற்றுகிறோம். எடுத்த நீரில் பஞ்சை மெல்லப் பிழிந்து அலசிவிட்டு, அந்நீரைத் துளசிச் சட்டிக்கு வார்க்கிறோம். துளசி அதனாற் செழித்திருக்கிறது. தொட்டியில் வாலிஸ்நேரியாச் செடிகளை நெருக்கமாக நட்டோம். செடி உண்டது போக மிஞ்சுவதுதானே பாசிக்கு.

நீர் முழுவதும் பச்சையாகிவிட்டால் தேய்ப்பதாற் பயனில்லை. அது நீரில் மிதக்கும் ஓரணு உயிர்; சாதாரணப் பஞ்சு வடிகட்டியிற் சிக்காது. கெட்டியான கறுப்புத் துணியால் தொட்டியை மூன்று நாள் மூடிவையுங்கள். உணவு வேண்டா, காற்றுக்குழாய் மட்டும் நிற்காமல் ஓட வேண்டும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறையுமாதலால் இது மிக முக்கியம். பின்னர் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றிவிடலாம். புதுத் தொட்டியிற் படரும் பழுப்புப் படலத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. துடைத்துவிட்டுச் சில வாரம் பொறுத்திருந்தாற் பெரும்பாலும் தானே போய்விடும்.

பாசியைத் தின்னும் என்று சொல்லிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் 'சக்கர்' மீனை எல்லா ஊர்க் கடைகளிலும் விற்கிறார்கள். வாங்கும்போது விரல் நீளம்; வளர்ந்தால் ஓரடிக்கும் மேல்! அது இடும் கழிவே புதுப் பாசிக்கு எருவாகும். இடம் போதவில்லை என்று அதை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவது பெருந்தவறு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் இந்தியாவின் பல நீர்நிலைகளில் இவ்வாறே பெருகி, உள்ளூர் மீன்களுக்கும் வலை வீசுவோருக்கும் தொல்லையாகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஊருக்குப் புறப்படுமுன், ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கென்று பத்துக் காகிதப் பொட்டலங்கள் மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உணவு வைத்து, தேதியும் எழுதி அந்த அம்மையாரிடம் கொடுத்தோம். புட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம். 'இவ்வளவுதானா?' என்று அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் திரும்பியபோது நீர் தெளிந்தே இருந்தது. பின்புறக் கண்ணாடியில் மட்டும் மெல்லிய பசுமை படர்ந்திருந்தது. அதை நாங்கள் தேய்க்கவில்லை. தப்பிப் பிழைத்த தங்கமீன் அதை மேய்ந்துகொண்டிருந்தது.