உச்சரிப்பில் ஒளிந்திருக்கும் வர்க்கம்

(மொழிபெயர்ப்புத் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அகில இந்தியக் கூட்டங்களில் செவிக்கருவியை மாட்டிக்கொண்டு அமர்பவர் முதல் நாளே அறிவது, ஆங்கிலம் ஒன்றல்ல என்பதைத்தான். வங்கத் தோழர் 'வெரி' என்பதை 'பெரி' என்பார். உத்தரப்பிரதேசத் தோழருக்கு 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்'. நாமோ 'பின்' என்று எழுதினால் அது குண்டூசியா, குப்பைத்தொட்டியா என்று நமக்கே ஐயம் வரும். இவை குறைகளல்ல. தாய்மொழியின் ஒலியமைப்பு அயன்மொழிமேல் படிவது இயல்பு. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வடசொல்லை ஆளலாம் என்று தொல்காப்பியர் விதி செய்ததும் இவ்வியல்பை உணர்ந்தே.

ஆயினும் எல்லா உச்சரிப்பும் ஒரே விதமாக மதிக்கப்படுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், ஒடிசாவிலிருந்து வந்த விவசாயத் தொழிலாளத் தோழர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. இரண்டாம் வாக்கியத்தோடு அவர் அமர்ந்துவிட்டார். அவர் கையில் இருந்த கூலி நிலுவைக் கணக்கு அவையேறவே இல்லை. அடுத்துப் பேசியவரின் ஆங்கிலத்திலும் அவருடைய தாய்மொழி ஒலிக்கத்தான் செய்தது. அவர் பெருநகரக் கான்வென்ட்டில் பயின்றவர், எவரும் சிரிக்கவில்லை. முன்னவர் பேசியபோது நானும் புன்னகைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே ஒரு வகுப்பாரை உருவாக்குவதே 1835இல் மெக்காலே முன்வைத்த நோக்கம். அவ்வகுப்பு இன்றும் உச்சரிப்பைக் கொண்டே ஆளை எடைபோடுகிறது. அழைப்பு மையங்களில் இளைஞர்கள் தம் நாவின் சாயலை உதறப் பயிற்றப்படுகின்றனர்; சிலர் பெயரையும் உதறுகின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 2.6 இலட்சம் பேரே. உச்ச நீதிமன்ற நடவடிக்கைகளோ, அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன.

இதனால் ஆங்கிலத்தை விலக்குவோம் என்று நான் கூறவில்லை. இந்தித் திணிப்புக்கு எதிராக, 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் அதன் 1967 திருத்தமும் காத்த இடத்தை நாம் விட்டுக்கொடுக்க இயலாது. எனினும் இணைப்புமொழி வேறு, தகுதிச் சான்று வேறு.

அடுத்த கூட்டத்துக்கு முன், எம்மொழியில் பேச விரும்புகிறார் என்று ஒவ்வொரு பிரதிநிதியிடமும் கேட்டு எழுதி வாங்குவோம். ஒடியாவிலிருந்து நேராகத் தமிழுக்குப் பெயர்க்க நம்மிடம் இன்னும் ஒருவரும் இல்லை. இந்த வகுப்பிலிருந்து இருவர் முன்வர வேண்டும்.