குகை வாசலில் வைத்த தீ

லா சப்பலில் இந்த அறைக்கு வந்திருப்பவர்களுக்கும், ரொறொன்ரோ, லண்டன், ஒஸ்லோ என்று நேரலையில் இணைந்திருப்பவர்களுக்கும் என் அன்பு. ‘கண்ணால் காணாத உயிர்கள்’ பற்றிப் பேசக் கேட்டிருந்தார்கள். எட்டி, நெஸ் ஏரிப் பிராணி என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் எங்கள் தீவுக்கென்றே ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நிட்டேவோ. நான் ஆய்வாளர் இல்லை. தாதி, கிறிஸ்தவப் பெண், கதை எழுதுகிறவள். இதில் நான் எதை நம்புகிறேன், ஏன் நம்புகிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு அந்தக் காடு தெரியும். பாணமையைக் கடந்து, உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, குமண வழியாக யால காட்டுக்குள் போகும் பாதை. அந்தப் பக்கத்துக் குகைகளில் நிட்டேவோ இருந்ததாகக் கதை. 1886இல் ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் ‘தப்ரோபேனியன்’ சஞ்சிகையில் அதை எழுதினார். அவர் எதையும் நேரில் பார்க்கவில்லை. வேடரிடம் கேட்ட ஒரு வேட்டைக்காரர் சொன்னதைத்தான் எழுதினார். 1914இல் பிரெடரிக் லூயிஸ் அதே காட்டுப்புறத்தில் அதே கதையைக் கேட்டுப் பதிந்தார்.

மூன்று, நான்கு அடி உயரம். நிமிர்ந்த நடை. உடம்பில் செம்மயிர், நீண்ட நகம். கூட்டமாக வாழ்ந்தார்கள். பேச்சு பறவைகள் கீச்சிடுவது போல இருக்கும், வேடரில் சிலருக்கு அது விளங்கும். இரண்டு கூட்டத்துக்கும் தீராத பகை. கடைசியில், எஞ்சியவர்களை ஒரு குகைக்குள் துரத்தி, வாசலில் விறகைக் குவித்துத் தீ வைத்தார்கள். மூன்று நாள் எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் புகையில் மூச்சடைத்துச் செத்தார்கள்.

1955இல் இதே பாரிஸில் பெர்னார் ஹுவெல்மான்ஸ் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். கிரிப்டோசூலொஜியின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். நிட்டேவோவும் அதில் வருகிறது. புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘அறியாத விலங்குகளின் தடத்தில்’. விலங்குகள் என்ற சொல்லைக் கவனியுங்கள். பேச்சு இருந்ததாம், அந்தப் பேச்சு மற்றவருக்கு விளங்கவும் செய்ததாம். அப்படியிருந்தும் விலங்குப் புத்தகத்தில்தான் இடம்.

2003இல் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், லியாங் புவா குகையில், ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரமான மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தன. மூளை எங்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் கல்லாயுதம் செய்தார்கள். தீவில் உணவு குறைவு, அதனால் உடம்பு தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தது என்பது பலருடைய விளக்கம். அதே தீவில் யானை இனம் ஒன்றும் சிறுத்திருக்கிறது. அந்த மனிதர்களின் எலும்புகள் 60,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. ஆனால் அந்தத் தீவின் நாகே மக்கள் ‘எபு கோகோ’ என்ற குள்ளர்களைப் பற்றி இன்றும் கதை சொல்கிறார்கள். அவர்களுக்குப் பனை வகை நார் கொடுத்து, அதைக் குகைக்குள் கொண்டுபோன பிறகு கொள்ளி எறிந்து எரித்தார்களாம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே முடிவு.

புளோரஸில் எலும்பு இருக்கிறது. எங்களிடம் நிட்டேவோவின் எலும்பு ஒன்றுகூட இல்லை. இலங்கையின் ஃபாஹியன் குகையில் கிடைத்தவை எங்களைப் போன்ற மனிதர்களின் எலும்புகள். 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் மழைக்காட்டில் குரங்கும் மர அணிலும் வேட்டையாடி வாழ்ந்தார்கள் என்று 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் காட்டுக்கு இசைந்தது கைத்திறனால்.

உடம்பும் இசைந்துகொள்ளும். இரத்தப் பரிசோதனைத் தாளில் சிவப்பணு சிறிதாக இருக்கிறதென்று வரும். இரும்புச்சத்துக் குறைவென்று குளிசை கொடுத்தும் மாறாது. பிறகுதான் தலசீமியா காவி என்று தெரியும். மலேரியா ஆண்ட ஊர்களில் அந்தச் சிறிய அணு உயிர் காத்தது. 2016இல் இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் முன்னோர் பட்ட காய்ச்சலின் அடையாளம் இன்னும் எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. உயரமோ, மயிரோ, அணுவோ, எல்லாம் பிழைத்த கதைதான். அதை வைத்து இவன் மனிதன், இவன் இல்லை என்று பிரிக்க முடியாது.

பிரித்தவர்கள் யார்? மகாவம்சத்தில், மகியங்கனையில் கூடியிருந்த யட்சர்களைப் புத்தர் இருளாலும் புயலாலும் வெருட்டுகிறார். பிறகு சுற்றிலும் தீ எரியும் தோல் விரிப்பை விரித்து அவர்களை விலக்கி, வேறு தீவுக்கு அனுப்புகிறார். நான் புத்தரைக் குறைசொல்லவில்லை, எழுதியவர்களைத்தான் கேட்கிறேன். விஜயன் வந்தபோது குவேனி என்ன செய்துகொண்டிருக்கிறாள்? மரத்தடியில் நூல் நூற்கிறாள். அவளை யட்சினி என்று எழுதிவைத்தார்கள். வேடர் அவளுடைய வழியில் வந்தவர்கள் என்பது மரபு. ஆக, வேடரின் முன்னோரை ஒருவர் பேயாக்குகிறார். அந்த வேடரின் பெயரால் இன்னொரு கூட்டம் விலங்காகிறது. எங்கள் வேதத்திலும் இது உண்டு. எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்தில் கானானை வேவுபார்த்தவர்கள், அங்கே இருப்பவர்கள் இராட்சதர், அவர்கள் முன்னால் நாங்கள் வெட்டுக்கிளிகள் என்கிறார்கள். ஒருவர் வாழும் நிலத்துக்குப் போகுமுன் அவரை மனிதரல்லாதவராக்கிவிடுகிறார்கள்.

மணிமேகலையில் ஒரு மாற்றுவழி இருக்கிறது. கப்பல் உடைந்து கரையேறிய சாதுவனை ஆள் தின்னும் நாகர் பிடிக்கிறார்கள். அவனுக்கு அவர்களுடைய மொழி தெரியும். அதனால் பிழைக்கிறான், அவர்களோடு இருந்து பேசுகிறான். யால காட்டிலும் மொழி விளங்கியதாம். விளங்கியும் தீ வைத்தார்கள் என்பதுதான் என்னை வதைக்கிறது.

லா சப்பலில் 2ஆம் இலக்க மெற்றோ ஏறி, எத்துவாலில் 1ஆம் இலக்கத்துக்கு மாறிப் போனால் ஜார்தன் தாக்லிமத்தாசியோன் வரும். பிள்ளைகளை விளையாடக் கூட்டிப்போகிறோம். 1860இல் அது திறக்கப்பட்டது, வெளிநாட்டு விலங்குகளையும் தாவரங்களையும் இந்தக் குளிருக்குப் பழக்குவதற்காக. 1883இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த மனிதர்களை அங்கே சனங்களுக்குக் காட்சிக்கு வைத்தார்கள். நாங்களும் ஒருநாள் வேலிக்கு உள்ளே நின்றவர்கள்தான்.

ஆகவே என் நம்பிக்கை இது. நிட்டேவோ இருந்திருந்தால் அவர்கள் மனிதர்கள், கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள். இல்லாமல் போனாலும் கதை பொய்யில்லை. ஒரு கூட்டத்தைக் கொல்லுமுன் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதை அது சொல்கிறது. 2009ஐக் கடந்து வந்த எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் லா சப்பல் வீதியில், புதிதாக வந்து படுத்திருக்கும் அகதிகளை நாங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன். உங்கள் கேள்விகளையும் சொல்லுங்கள்.